நூறு வெள்ளிப்பணம்

தியானப் பகுதி: மத்தேயு 18-ஆம் அதிகாரம்





ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று பரமண்டல ஜெபத்தை ஏறெடுக்கிறோம். மத்தேயுவின் நற்செய்தியிலுள்ள அந்த ஜெபத்தில், பாவத்தைக் குறிக்க ஆண்டவர் எடுத்துக்கொண்ட உருவகம் கடன் (6:12). தேவனிடத்தில் நாம் பட்ட கடன் நீங்கவேண்டும் என்று விண்ணப்பிக்கும் அதே மூச்சில், நமக்குக் கடன்பட்டவர்களை நாம் விட்டுவிட்டோம் என்றும் சொல்லுகிறோம். அதன் பின்பு ஆசீர்வாதம் பெற்று, ஆலயத்தின் பக்கத்து அறைக்குள் செல்லுகிறோம். அங்கே மேசையின்மேல் நிலுவைப் பதிவேடு திறக்கப்படுகிறது. எந்தக் குடும்பம் எத்தனை மாதச் சந்தா பாக்கி, யார் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவது, யாருக்குத் திருவிருந்து கொடாதிருப்பது என்பவை பேசப்படுகின்றன. பதிவேட்டில் எழுதப்படாத கணக்குகளும் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் பொதுக்கூட்டத்தில் நம்மை எதிர்த்துப் பேசியவர், நம் வீட்டுத் திருமணத்துக்கு வராதவர், வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராதவர் என்று அவற்றை நாம் மனத்தில் வைத்திருக்கிறோம்.

நிர்வாகத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கிருபையைக் குறித்த பிரசங்கங்கள் நம் சபைகளில் குறைவின்றி நடக்கின்றன. அந்தக் கிருபை செலவாகும் இடங்களோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. இதுவே என் கவலை. இதை மற்றவர்கள்மேல் சுமத்தி எழுதுவது எளிது. ஆகையால் என்னிடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வாசித்த அறிக்கை

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு சிறிய கிராமச் சபைக்கு நான் அனுப்பப்பட்டேன். ஏறக்குறைய எண்பது குடும்பங்கள். ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்து, விளக்கேற்றும் பணியை ஒரு விதவைத் தாயின் மகன் செய்துவந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வந்த பணத்தில் நாலாயிரத்து இருநூறு ரூபாய் குறைந்தது. விசாரித்தபோது, தானே எடுத்ததாக அவன் ஒத்துக்கொண்டான். ஏன் எடுத்தாய் என்று நாங்கள் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

அன்றிரவே கமிட்டி கூடியது. அவனைப் பணியிலிருந்து நீக்குவது, ஓராண்டு திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது, அதை ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பது என்று மூன்று தீர்மானங்கள் எழுதப்பட்டன. நான் கையெழுத்திட்டேன். ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன் நின்று அவன் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து வாசித்தேன். என் குரல் தடுமாறவில்லை. தேவனுடைய வீட்டின் பரிசுத்தத்தைக் காத்துவிட்டதாகவே எண்ணினேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் அவனுடைய தாயார் தலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு அந்த இடம் காலியாக இருந்தது. மகன் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து எனக்கு மாறுதல் வந்தது. வீடுவீடாக விடைபெறச் சென்றபோது அந்தத் தாயாரின் வீட்டுக்கும் சென்றேன். அதற்குமுன் ஒருமுறையும் நான் அங்கே போனதில்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். வெகுநேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அவன் எடுத்தது தப்புதான். இல்லைன்னு நான் ஒருநாளும் சொல்லலை. ஆனா, அதைச் சொல்ல நீங்க முதல்ல இங்க வந்திருக்கலாமே. எல்லார் முன்னாலயும் வாசிச்சிட்டீங்களே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. "ஜெபம் பண்ணுவோம் அம்மா" என்று சொல்லி, ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் வேறொரு நினைவு வந்தது. இறையியல் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, என் சொந்த ஊர்ச் சபையார் காணிக்கை சேர்த்து என் விடுதிக் கட்டணத்துக்காக அனுப்பிய பணத்தை நான் செலவழித்துவிட்டேன். பசிக்காகவோ நோய்க்காகவோ செலவழிக்கவில்லை. ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். நண்பர்களோடு ஊர் சுற்றினேன். விடுதிக் காப்பாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். நான் அழுதேன். அவர் தம் சம்பளத்திலிருந்து அந்தக் கட்டணத்தைச் செலுத்தினார். கல்லூரி முதல்வருக்கும் சொல்லவில்லை, என் சபைக்கும் எழுதவில்லை. அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தால் நான் இன்று போதகனாக இருந்திருக்கமாட்டேன்.

அந்த வாலிபனின் பெயரை வாசித்த ஞாயிறன்று இது ஏன் என் நினைவுக்கு வரவில்லை? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

ஒரே அதிகாரத்தின் வரிசை

எங்கள் தீர்மானத்துக்கு நாங்கள் காட்டிய வேத ஆதாரம் மத்தேயு 18:17. சபைக்கும் செவிகொடாதவனை அந்நியனைப்போலும் ஆயக்காரனைப்போலும் எண்ணும்படி அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. வசனம் சரிதான். ஆனால் அந்த அதிகாரத்தை வரிசையாக வாசித்தால், நாங்கள் எவற்றையெல்லாம் தாண்டிக் குதித்தோம் என்பது விளங்கும்.

முதலில், ஆண்டவர் ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தி, சிறியவர்களை இடறச்செய்கிறவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறார் (1-9). அடுத்து, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, சிதறிப்போன ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனைக் காட்டுகிறார் (10-14). அதற்குப் பின்புதான் தவறு செய்த சகோதரனைப் பற்றிப் பேசுகிறார். அங்கும் முதல் கட்டளை, நீ போய் அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு என்பதே (15). இரண்டாவது, ஒருவரிருவரை உடன் அழைத்துக்கொண்டு போ (16). மூன்றாவதாகத்தான் சபை வருகிறது (17). இத்தனைக்கும் நோக்கம் ஒன்றே: சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்வது. உடனே பேதுரு எழும்பி, எத்தனை முறை மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறார் (21). அதற்குப் பதிலாக வருவதே இரக்கமற்ற ஊழியக்காரனின் உவமை (23-35).

சபை ஒழுங்கைப் பற்றிய வார்த்தைகளை, ஒருபுறம் காணாமற்போன ஆட்டையும் மறுபுறம் மன்னிக்கப்பட்ட கடனையும் வைத்து, ஆண்டவர் நடுவில் பேசியிருக்கிறார். நாங்கள் நடுவிலிருந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டோம். அந்தத் தாயார் இறையியல் படித்தவரல்லர். ஆனாலும் "முதல்ல இங்க வந்திருக்கலாமே" என்று அவர் கேட்டது பதினைந்தாம் வசனத்தைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆயக்காரனைப்போல எண்ணும்படியான அந்த வார்த்தை, மத்தேயுவின் பெயரால் வழங்கும் நற்செய்தியில் இருக்கிறது. ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை ஆண்டவர் எப்படி நடத்தினார்? தம்மைப் பின்பற்றும்படி அழைத்தார். ஆயக்காரரோடு ஒரே பந்தியில் அமர்ந்தார் (9:9-10). ஆகவே, கடைசிப் படியில்கூட நமக்கு விதிக்கப்பட்ட வேலை அவரைத் திரும்ப வென்றெடுப்பதே என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பதினாயிரம் தாலந்தும் நூறு வெள்ளிப்பணமும்

இந்த உவமையின் தொகைகளை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. திராட்சத்தோட்ட உவமையில் இதைக் காண்கிறோம் (மத்தேயு 20:2). ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணத்துக்குச் சமம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும், ஒரு மனிதன் இதைத் தீர்க்க இரண்டு லட்சம் ஆண்டுகள் உழைக்கவேண்டும். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் குறித்திருக்கிறார். அப்படியானால் அந்த ஊழியக்காரனின் கடன், அந்தப் பகுதிகள் முழுவதின் ஐம்பது ஆண்டு வருவாய். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர் வியந்திருப்பார்கள். கிரேக்க மொழியில் எண்ணுக்கு இருந்த மிகப்பெரிய தனிச்சொல்லையும், பணத்துக்கு இருந்த மிகப்பெரிய அளவையும் ஆண்டவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். எவராலும் தீர்க்க முடியாத கடன் என்பதே பொருள்.

இனி நூறு வெள்ளிப்பணத்துக்கு வருவோம். அதைச் சில்லறைக் காசு என்று நாம் பிரசங்கிப்பதுண்டு. அது தவறு. நூறு நாள் கூலி என்பது ஒரு கூலிக்குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கும் மேலான பிழைப்பு. இன்று நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் அது 50,000 ரூபாய். அதே கணக்கில் பதினாயிரம் தாலந்து 3,000 கோடி ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாயை ஒருவன் ஏமாற்றிவிட்டால் நம்மில் யாருக்கு வலிக்காது?

இங்கே ஆண்டவரின் நேர்மையை நான் காண்கிறேன். பிறர் உனக்குச் செய்த தீமை ஒன்றுமில்லை, மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. உனக்கு வரவேண்டியது உண்மையாகவே வரவேண்டியதுதான். ஏமாற்றப்பட்டவரின் இழப்பும், அவமானப்பட்டவரின் வலியும், கைவிடப்பட்டவரின் கண்ணீரும் நூறு நாள் கூலிக்கு நிகரானவை. இதை மறுக்காமலேயே, ராஜாவின் அறையில் நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அவனைப் பார் என்கிறார்.

அந்த ஊழியக்காரன் ஏன் அதை நினைக்கவில்லை? அவன் ராஜாவிடம் கேட்டதைப் பாருங்கள். பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் செலுத்தித் தீர்ப்பேன் என்றான் (26). இரண்டு லட்சம் ஆண்டுக் கடனைத் தான் தீர்த்துவிட முடியும் என்று எண்ணினான். அவன் கேட்டது தவணை. ராஜா கொடுத்தது விடுதலை. தவணை கிடைத்ததாகவே அவன் மனம் எண்ணியிருக்குமானால், வெளியே வந்ததும் வசூலில் இறங்கியது வியப்பன்று. நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம். சிலுவையில் கடன் தீர்ந்தது என்று பாடுகிறோம். உள்ளத்திலோ, ஜெபித்தும் கொடுத்தும் ஊழியம் செய்தும் அதைத் தவணையாகக் கட்டிவருகிறோம். தான் கட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறவன், கட்டாதவனைப் பொறுக்கமாட்டான். அன்று அறிக்கையை வாசித்த என் நிலையும் அதுவே. விடுதிக் காப்பாளர் எனக்குச் செய்ததை, என் பிற்கால உழைப்பினால் நான் ஈடுகட்டிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்; ஆகவே அது கிருபையாக என் நினைவில் நிற்கவில்லை.

யார் செலுத்துவது?

மன்னிக்கப்படும் கடன் காற்றில் கரைந்து போவதில்லை. யாரோ ஒருவர் அதைச் செலுத்துகிறார். உவமையில் பதினாயிரம் தாலந்து இழப்பு ராஜாவுடையது. என் கதையில் அது காப்பாளரின் ஒரு மாதச் சம்பளம்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் இதற்குத் தெளிவான சாட்சி. இருபத்தைந்தே வசனங்கள் கொண்டது. எஜமானை விட்டுப் பிரிந்திருந்த ஒநேசிமு என்னும் அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அவன் குற்றமற்றவன் என்று அவர் வாதாடவில்லை. அவன் அநியாயம் செய்திருந்தால், அல்லது கடன்பட்டிருந்தால், அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறார். தாமே செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதிக்கொடுக்கிறார் (18-19). சிறையிலிருந்த ஒரு முதியவர் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் அது. பிதாவுக்கு முன்பாகக் கிறிஸ்து நமக்காகச் செய்ததையே இங்கே பவுல் ஒநேசிமுவுக்காகச் செய்கிறார் என்று மார்ட்டின் லூத்தர் இந்தக் கடிதத்துக்கு எழுதிய முன்னுரையில் விளக்கினார். நாம் எல்லாரும் அவருடைய ஒநேசிமுக்களே என்பது அவர் கருத்து.

கிரேக்கத்தில் கிருபைக்குரிய சொல் 'காரிஸ்'. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லையே, எபேசியர் 4:32-லும் கொலோசெயர் 3:13-லும், ஒருவரையொருவர் மன்னிக்கும்படி சொல்லும்போது பவுல் கையாளுகிறார். நம் தமிழ் வேதாகமத்தில் கிருபை என்பதும் மன்னிப்பு என்பதும் வெவ்வேறு சொற்களாக இருப்பதால் இந்த உறவு நம் கண்ணுக்குப் படுவதில்லை. பெற்றுக்கொண்ட கிருபையை அப்படியே அடுத்தவருக்கு வழங்குவதைத்தான் அப்போஸ்தலன் மன்னிப்பு என்கிறார்.

மூடிமறைப்பது கிருபையாகாது

இந்த இடத்தில் ஒரு தடையை நான் எதிர்பார்க்கிறேன். "போதகரே, இப்படியே மன்னித்துக்கொண்டிருந்தால் சபையில் ஒழுங்கு எப்படி நிற்கும்?" நியாயமான கேள்வி. 1937-இல் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், சீஷத்துவத்தைப் பற்றிய தம் நூலில் மலிவான கிருபை, விலையுயர்ந்த கிருபை என்று வேறுபடுத்திக் காட்டினார். மனந்திரும்புதலைக் கேட்காமலேயே பாவத்தைச் சரியென்று ஆக்கிவிடும் போதனையை அவர் மலிவான கிருபை என்றார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட அவர், தம் உயிரைக் கொடுத்தே அந்த வேறுபாட்டுக்குச் சாட்சி பகர்ந்தார்.

நம் சபைகளைப் பார்க்கும்போது, இந்த இரண்டையும் நாம் ஆள்பார்த்து வழங்குகிறோமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. செல்வாக்குள்ளவரின் தவறு வரும்போது, நியாயந்தீர்க்க நாம் யார் என்று கேட்கிறோம். கிருபை, மன்னிப்பு, சபையின் நற்பெயர் என்றெல்லாம் பேசுகிறோம். ஏழை வீட்டுப் பிள்ளையின் தவறு வரும்போது நமக்கு வேத ஒழுங்கு நினைவுக்கு வருகிறது. நாலாயிரம் ரூபாய் எடுத்தவனின் பெயர் பலிபீடத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. கட்டட நிதியில் லட்சக்கணக்கில் கணக்குக் காட்டாதவரின் பெயர் வாசிக்கப்படுவதில்லை. அவர் ஆலயப் பிரதிஷ்டைக் கல்வெட்டில் இடம்பெறுகிறார். சந்தா பாக்கி தீரும்வரை கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக்கூடாது என்று, அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தைக் காக்கவைத்த நிகழ்ச்சிகளையும் என் ஊழியத்தில் கண்டிருக்கிறேன். அந்த வாசலில் நின்று தொண்டையைப் பிடிப்பது யார் என்பதை உவமையை வாசித்தவர் அறிவார்.

அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தையும் மறவாதிருப்போம். சிறியவரை இடறச்செய்கிறவனுக்குக் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதே நலம் என்ற அளவுக்கு ஆண்டவர் பேசுகிறார். ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கிருபையின் பெயரால் மறைப்பதற்கும், அடித்துத் துன்புறுத்தும் கணவனிடம் ஒரு சகோதரியை மன்னிப்பின் பெயரால் திருப்பி அனுப்புவதற்கும் வேதத்தில் இடமில்லை. கடனை மன்னிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உரியது. பாதிக்கப்பட்டவரின் சார்பில் கமிட்டி மன்னித்துவிட முடியாது. மன்னிக்கும்படி அவரை நெருக்கவும் கூடாது. பவுலும் பிலேமோனைக் கட்டளையிட்டு வற்புறுத்தவில்லை. அன்பினால் கேட்டுக்கொண்டார் (பிலேமோன் 8-9). உண்மையைச் சொல்லி, பாதுகாப்பை உறுதிசெய்து, சட்டம் செய்யவேண்டியதைச் செய்யவிட்ட பின்பும், தவறு செய்தவர் ஒரு மனிதர் என்பதை மறவாதிருக்கும் பாரம் நமக்கு உண்டு. அந்தப் பாரமே விலையுயர்ந்த கிருபை.

கைகளுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள்

கிருபையைப் பாடுகிறவர் அதை உடனே வழங்கத் தொடங்கிவிடுவார் என்று சொல்ல முடியாது. உலகம் முழுவதும் பாடப்படும் கிருபையின் கீதத்தை எழுதிய ஜான் நியூட்டனின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் பெருங்கடலில் வீசிய புயலில் உயிர் தப்பியபோது, அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பின்பே, 1750-க்கும் 1754-க்கும் இடையில், அடிமைக் கப்பலின் தலைவராக அவர் பயணங்கள் செய்தார். கப்பலில் ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளோடு ஜெபம் நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கடல் தொழிலை விட்டதுகூட உடல்நலக் குறைவினால்தான். 1764-இல் குருப்பட்டம் பெற்றார். 1773-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ஓல்னி என்ற ஊரில், தாம் இயற்றிய அந்தப் பாடலின் கருத்தைக் கொண்டு பிரசங்கித்தார். அடிமை வாணிபத்தில் தமக்கிருந்த பங்கை வெளிப்படையாக அறிக்கையிட்டு, அதற்கு எதிராக ஒரு நூல் வெளியிட்டதோ 1788-இல். புயல் வீசி நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னர்ப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். 1807-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்த வாணிபத்தைத் தடைசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மரித்தார்.

நியூட்டனைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. மேல்தளத்தில் ஜெபமும் கீழ்த்தளத்தில் சங்கிலியும் ஒரே கப்பலில் இருக்கக்கூடும் என்பதை அவர் வாழ்க்கை எனக்குக் காட்டுகிறது. தம் பழைய குற்றத்தை மறைக்காமல் அச்சில் ஏற்றியதை, அவர் பெற்ற கிருபையின் கனியாகவே நான் மதிக்கிறேன். தமக்குச் செய்யப்பட்டது எவ்வளவு பெரிது என்று அறிந்தவருக்கே அப்படி எழுதும் தைரியம் வரும். அவருக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின என்றால், எனக்கும் உங்களுக்கும் எத்தனை ஆண்டுகளோ? அந்த ஆண்டுகளைக் குறைப்பதே இத்தகைய தியானங்களின் பயன்.

யார் போய்ப் பார்ப்பது?

கொரிந்து சபையில் ஒருவர் கண்டிக்கப்பட்டார். அதைப் பற்றிப் பவுல் தம் இரண்டாம் நிருபத்தில், அவருக்குக் கிடைத்த தண்டனை போதும், இனி அவரை மன்னித்துத் தேற்றுங்கள், இல்லாவிட்டால் மிகுந்த துக்கத்தில் அவர் அமிழ்ந்துபோவார் என்று எழுதுகிறார் (2 கொரிந்தியர் 2:6-8). இங்கும் மன்னிப்புக்கு அவர் பயன்படுத்துவது கிருபையிலிருந்து பிறந்த அதே வினைச்சொல். ஒருவரை விலக்கும் வழிமுறை நம் சபைச் சட்டங்களில் விரிவாக இருக்கிறது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வழிமுறையை எங்கே எழுதிவைத்திருக்கிறோம்?

என் தாழ்மையான கருத்து இது: ஒருவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தும் எந்தத் தீர்மானமும், "அவரைப் போய்ப் பார்ப்பது யார்?" என்ற கேள்விக்கு விடை எழுதப்படாமல் நிறைவேறக்கூடாது. அந்தப் பெயர் தீர்மானப் புத்தகத்தில் இருக்கட்டும். தண்டனை அறிவிக்கப்படுமுன் ஒருமுறை, அறிவித்தபின் மாதம் ஒருமுறை, அவர் அந்த வீட்டுப்படி ஏறட்டும். முதல் பெயர் போதகருடையதாக இருக்கட்டும். சந்தா பாக்கி உள்ள குடும்பங்களின் பட்டியலை வாசிக்குமுன், அவர்களுள் வேலை இழந்தவர் யார், நோயுற்றவர் யார் என்று விசாரிக்கட்டும். செலுத்த இயலாதவருக்காக அதைச் செலுத்த ஒரு மூப்பர் முன்வந்தால், அவர் பிலேமோனின் கடிதத்தை மறுபடியும் எழுதுகிறார்.

குடும்பங்களிலும் இப்படியே. சொத்துப் பிரிவினையால் பத்தாண்டுகளாகப் பேசாத அண்ணன் தம்பியர் ஒரே ஆலயத்தில் வலப்புறமும் இடப்புறமும் உட்கார்ந்து திருவிருந்து வாங்குவதை நாம் அறிவோம். அந்த நூறு வெள்ளிப்பணம் உண்மையான நூறு வெள்ளிப்பணமே. அதை விட்டுவிடுவது உங்களுக்கு வலிக்கும். வலிக்காமல் கொடுத்த கிருபை வேதத்தில் எங்கும் இல்லை.

அந்தத் தாயார் சில ஆண்டுகளுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செய்தி கேட்டு அந்த ஊருக்குச் சென்றேன். மகன் வந்திருந்தார், தலையில் நரை தோன்றியிருந்தது. அடக்க ஆராதனை முடிந்தபின் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரைத் தனியே சந்தித்து, அன்று நான் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். பின்பு, "அம்மா இருக்கும்போது வந்து சொல்லியிருக்கணும் ஐயா" என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய உரிமை.

பிரியமானவர்களே, நீங்கள் போகவேண்டிய ஒரு வீடு இருக்குமானால், அந்த வீட்டில் இருப்பவர்கள் உயிரோடிருக்கும்போதே போங்கள். இந்த வாரமே போங்கள்.

ஜெபிப்போம்:

இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் தீர்க்க முடியாத கடனை உம்முடைய குமாரனின் கணக்கில் எழுதினீர். அதை மறந்து பிறருடைய தொண்டையைப் பிடித்த எங்கள் கைகளை மன்னியும். எங்களால் அவமானப்பட்டவர்களிடம் போகும் தாழ்மையையும், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை விடுவிக்கும் பெலனையும், சிறியவர்களைக் காக்கும் உண்மையையும் எங்களுக்குத் தாரும். எங்களால் சபையை விட்டுத் தூரமாய்ப் போனவர்களை நீரே தேடிச் சென்று தேற்றும். மீட்பராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டுகிறோம். ஆமென்.